கிட்டார் பெட்டிக்குள் ஒரு பாப்பா ரீல்

எங்கள் கல்லூரியில் மீன்பிடிப்பது ஒரு விளையாட்டு. அதற்கு ஜெர்சி உண்டு, பயிற்சியாளர் உண்டு, தோற்றால் உட்கார்ந்து அழுவதற்குத் தனியாக ஒரு கொட்டகையும் உண்டு. ஃபுட்பால் குழுவுக்குக் கல்லூரி பெரிய மைதானம் கட்டிக் கொடுத்தது. எங்களுக்கு ஹாட்ச்சி ஏரி ஏற்கெனவே அங்கே கிடந்ததால் யாரும் எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. இந்தச் சிக்கனத்துக்காகவே நிர்வாகம் எங்களை நேசித்தது.

அந்தக் குழுவில் நான் பின் சீட்டு. ஒரு படகுக்கு இரண்டு பேர். முன்னால் நிற்பவர் படகின் சொந்தக்காரர். காலடியில் இருக்கும் சின்ன மின்மோட்டாரை மிதித்துப் படகை நகர்த்துவார். நல்ல இடம் எதுவோ அதில் முதலில் தூண்டில் போடுவார். பின்னால் நிற்பவர், முன்னவர் அலசி முடித்த தண்ணீரில் மிச்சம் மீதி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். முன்னவர் மீன் பிடித்தால் வலைக்கூடையை நீட்டுவார். சாண்ட்விச் பின்னவருடைய பொறுப்பு. இரண்டு வருடமாக இந்தப் பதவியை நான் மானத்தோடு வகித்து வந்தேன்.

முன்னவர் பிராண்ட்லி பௌண்ட்ஸ். அவனுடைய அப்பா டிராக்டர் விற்கிறார். படகு அப்பா வாங்கிக் கொடுத்தது. அதன் உடம்பெல்லாம் ஜிகினா. வெயிலில் நிறுத்தினால் எதிர்க்கரையில் மாடுகள் தலையைத் திருப்பிக்கொள்ளும். பிராண்ட்லி நல்லவன், ஆனால் எதிலும் சிரிக்க மாட்டான். அவன் படகில் இரண்டு சட்டங்கள். ஒன்று, வாழைப்பழம் ஏறக் கூடாது. வாழைப்பழம் ஏறிய படகில் மீன் ஏறாது என்பது எங்கள் ஏரியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்; ஆனால் பிராண்ட்லி அதை ஒரு மதமாகவே கடைப்பிடித்தான். ஒருமுறை வாழைப்பழ வாசம் வரும் வெயில் களிம்பைத் தேய்த்துக்கொண்டு போனேன். என்னைக் கரையில் இறக்கிச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லிவிட்டு, நான் முடிக்கும்வரை பைபிளைக் கேட்பவன் போலக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது சட்டம், தொங்குரீல் ஏறக் கூடாது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூண்டில் ரீலில் இரண்டு சாதி. ஒன்று கோலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். எறியும்போது அதன் உருளை சுழன்று தூண்டில் நரம்பை விடும். கட்டைவிரலால் அந்த உருளையை அடக்கி ஆள வேண்டும். இன்னொன்று கோலுக்கு அடியில் தொங்கும். அதில் சுழல்வது எதுவும் இல்லை, நரம்பு தானாகச் சுருள் சுருளாகக் கழன்று போகும், ஐந்து வயதுக் குழந்தைகூட எறியலாம். எங்கள் குழுவில் அதற்குப் பெயர் பாப்பா ரீல். மேலே உட்காரும் ரீலைப் பிடித்தபடி நாள் முழுக்க ஒரு மீனும் கிடைக்காமல் திரும்பினால் அது வீரம். பாப்பா ரீலால் கூடை நிறையப் பிடித்தால் அதைப் பற்றி வெளியே பேச மாட்டார்கள்.

செப்டம்பரில் பிரச்சினை ஆரம்பித்தது. வெயில் ஏரியை வெந்நீராக்கியதும் பாஸ் மீன்கள் எல்லாம் நிழல் தேடி வீட்டுக்காரர்களின் படகுத்துறைகளுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டன. துறை என்றால் தண்ணீருக்குள் தூண் நட்டு மேலே பலகை அடித்தது. பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தால் அதிகம். மீன் அந்த இருட்டின் கடைசி மூலையில் உட்கார்ந்திருக்கும். அதன் முன்னால் பொய் இரையைக் கொண்டுபோய் வைக்க ஒரே வழிதான்: சின்னப் பிள்ளைகள் குளத்தில் ஓட்டாஞ்சில்லை விட்டெறிந்து தத்தித் தத்திப் போக விடுவார்களே, அதே மாதிரி இரையைத் தண்ணீர்மேல் தத்த விட்டு உள்ளே அனுப்ப வேண்டும்.

கல்லூரிகளுக்கு இடையிலான மீன்பிடி இறுதிப் போட்டி எங்கள் ஏரியிலேயே என்று அறிவிப்பு வந்த அன்று பிராண்ட்லி என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டான். இந்தத் தடவை துறைக்கு அடியில் இரை தத்த விடத் தெரிந்தவருக்குத்தான் பின் சீட்டு என்றான். எனக்குத் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். ரேலின் ஸ்டப்ஸுக்குத் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும். ரேலின் இந்தப் பருவம்தான் குழுவில் சேர்ந்தவள். சொந்தமாக ஒரு நசுங்கிய அலுமினியப் படகு வைத்திருந்தாள். அதில் ஏற ஆள் கிடைக்காததால் ஜோடி இல்லாமல் இருந்தாள். வரும் சனிக்கிழமை ஏரிக்கரையில் இருக்கும் மிஸ் வெர்னெல் வீட்டுத் துறையில் எங்கள் இருவருக்கும் தேர்வு.

சீட்டு போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் என் அப்பா முந்திக்கொண்டிருந்தார். நான் இறுதிப் போட்டிக்குப் போகிறேன் என்று ஊர்ச் சபையின் போதகரிடம் சொல்லிவிட்டார். போதகர் அதைச் சாலையோரத்தில் இருக்கும் சபையின் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் கோத்துவிட்டார். அப்பா பலகைக்குப் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்தி நின்று படம் எடுத்து அனுப்பினார். பலகையில் இப்படி இருந்தது: "இறுதிப் போட்டிக்குச் செல்லும் நம் எமெட்டுக்காக ஜெபிப்போம். புதன் மாலை கோழி வறுவல்."

பக்கத்து ஊர் லாரிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும்.

ஆகவே நான் பயிற்சியில் இறங்கினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இணையத்தில் எல்லாவற்றுக்கும் விடை சொல்லுவார். நீளமான கோல்தான் ஆண்மை என்று அவர் சொன்னதை நம்பி ஏற்கெனவே ஒரு நீளமான கோல் வைத்திருந்தேன். அதன்மேல் என் ரீல், முனையில் ஈயத் தலையும் ரப்பர் தாடியும் வைத்த கனமான இரை. விடுதிக்குப் பின்னால் வாத்துக் குளம். குளத்தின்மேல் கல்லூரி ஒரு சின்ன மரப்பாலம் போட்டிருக்கிறது. பாலத்துக்கு அடியில் இரையை அனுப்பினால் போதும்.

முதல் வீச்சில் கோலின் நுனி தண்ணீரில் அறைந்தது. வாத்துகள் குளத்தைக் காலி செய்தன. இரண்டாவதில் இரை தண்ணீரைத் தொட்ட இடத்திலேயே மூழ்கியது. மேலே ரீலின் உருளைக்கு அது தெரியாததால் தொடர்ந்து சுழன்று, நரம்பு மொத்தமும் பொங்கி வெளியே வந்து குருவிக்கூடு ஆகிவிட்டது. குருவிக்கூடு என்பது நான் கொடுத்த உவமை அல்ல, எங்கள் ஏரியில் அதற்குப் பெயரே அதுதான். குருவி கட்டினால் முட்டையாவது கிடைக்கும்.

மறுநாள் சாயங்காலமும் அதே நிலைமை. பல்லால் ஒரு முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தபோது பாலத்தின் மேலிருந்து குரல் வந்தது.

"ஐயா என்ன, ஸ்வெட்டர் பின்றீங்களா?"

ரேலின். ஒரு காகிதப் பையில் அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். தோலைக் குளத்தில் போட்டாள். ஓடிப்போன வாத்துகள் திரும்பி வந்தன.

வேடிக்கை பார்க்க வந்தாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த குருவிக்கூட்டுக்கும் காத்திருந்து பார்த்தாள். பிறகு இறங்கி வந்து என் கோலை வாங்கி நிறுத்தி, அது தன்னைவிட எவ்வளவு உயரம் என்று தலையில் கைவைத்து அளந்தாள்.

"இதுல கொடி ஏத்தலாம்," என்றாள். "பக்கவாட்டுல தாழ வீசணும்டா. இவ்ளோ நீளக் கோலை வச்சுட்டு தாழ வீசுனா நுனி தண்ணியத்தான் அடிக்கும். கட்டையான கோல் எடு. அப்புறம் உன் இரை உருண்டையா இருக்கு. உருண்டைக் கல்லு தத்துமா? தட்டையா, வழவழன்னு, சின்னதா எடு. ரப்பர் புழு போதும், ஈயமே வேண்டாம். அப்புறம்..."

அப்புறம் என்ன என்பது எனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொள்ள நினைத்தேன்.

"அப்புறம் தொங்குரீல்," என்றாள்.

அது பாப்பா ரீல் என்றேன். பாப்பா மாதிரிதானே எறிகிறாய் என்றாள். பெரிய மீன் தூணைச் சுற்றினால் அதை இழுக்கப் பாப்பா ரீலுக்குத் தெம்பு இருக்காது என்று பிராண்ட்லி சொல்வதை அப்படியே ஒப்பித்தேன். அவள் தன் படகுச் சாமான்களிலிருந்து ஒரு கோலை எடுத்து வந்து காட்டினாள். கட்டையான கோல். அடியில் கீறல் விழுந்த தொங்குரீல். அதில் பின்னல் நரம்பு, மெல்லியது. டிராக்டரைக்கூட இழுக்கலாம்போல் இருந்தது. நுனியில் மட்டும் மீன் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி நரம்பு ஒட்டுப் போட்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு சுண்டு சுண்டினாள். ரப்பர் புழு நாலு தத்து தத்திப் பாலத்துக்கு அடியில் போய் மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. வாத்துகள் நகரக்கூட இல்லை.

எதிரிக்கு எதற்குச் சொல்லித் தருகிறாய் என்று கேட்டேன்.

"சனிக்கிழமை நீ குருவிக்கூடு கட்டிட்டு நின்னேன்னா நான் யாரை ஜெயிச்சேன்னு சொல்லிக்கறது? குருவியையா?"

கோலை எனக்கு இரவல் கொடுத்துவிட்டுக் கடலைப் பையோடு போய்விட்டாள்.

இப்போது ஒரு சங்கடம். பாப்பா ரீலோடு விடுதிக்குள் நடந்து போக முடியாது. குழுப் பையன்கள் பாதிப் பேர் என் தளத்தில்தான் இருந்தார்கள். அறைத் தோழனின் பழைய கிட்டார் பெட்டி கட்டிலுக்கு அடியில் காலியாகக் கிடந்தது. இரண்டாகக் கழற்றினால் கோலும் ரீலும் அதில் கச்சிதமாக அடங்கின. அன்றிலிருந்து நான் கிட்டார் பெட்டியோடுதான் குளத்துக்குப் போனேன். யாராவது கேட்டால் தனிமையில் வாசிக்கப் போகிறேன் என்றேன். நான் இசைக் கலைஞனாகிவிட்டேன் என்று பேச்சு பரவி, பாப்டிஸ்ட் சபை மாணவர்களின் ஜெபக் கூட்டத்தில் ஒரு பாட்டு வாசிக்க முடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். இன்னும் மனம் பக்குவப்படவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் அவர்களை உருக்கிவிட்டது.

பழகப் பழகக் கைக்கு விஷயம் புரிந்தது. பலமாக வீசினால் இரை எகிறிப் பாலத்தில் மோதும். மணிக்கட்டை மட்டும் தாழச் சுண்டி, பாலத்துக்கு முன்னால் நாலடி தூரத்தில் தண்ணீரைத் தொடவிட்டால் அது தானே வழி பார்த்துக்கொண்டு உள்ளே போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துக்கு ஏழு உள்ளே போனது. மற்ற மூன்றைப் பற்றி வாத்துகளுக்கு மட்டுமே தெரியும்.

சனிக்கிழமை காலை மூவரும் பிராண்ட்லியின் படகில் போனோம். ரேலினைப் பின் சீட்டில் விட்டு நான் நடுவில் குந்தியிருந்தேன், காலடியில் என் நீளக் கோல், மடியில் கிட்டார் பெட்டி. அது எதற்கு என்று பிராண்ட்லி கேட்டான். பதற்றத்துக்கு என்றேன். பாட்டு மீனை விரட்டும் என்று தொடங்கி அவன் அதற்கும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது மிஸ் வெர்னெலின் துறை வந்துவிட்டது.

மிஸ் வெர்னெல் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வண்டிச் சத்தத்துக்கு மேலே அறுபது பிள்ளைகளை அடக்கிய குரல் இன்னும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தெருவில் தூக்கிப் போடும் கிறிஸ்துமஸ் மரங்களையெல்லாம் வாங்கித் தன் துறைக்கு அடியில் மூழ்க வைப்பார். அதனால் ஏரியின் பெரிய மீன்கள் எல்லாம் அவர் வீட்டில்தான் குடியிருந்தன. அவரிடம் ஒரு மிதவைப் படகு, மேலே கூரைத் துணி போட்டது, துறையின் ஓரத்தில் கட்டியிருக்கும். பலகையில் தூண்டில் பட்டால் அவருக்குக் கவலையில்லை. மிதவைப் படகில் பட்டால் தோட்டத்துக் குழாயைத் திறந்து எறிந்தவர் மேல் அடிப்பார். இதில் ஆண் பெண், உள்ளூர் வெளியூர் பேதம் கிடையாது.

அன்றைக்கு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலக்கையில் குழாய். இடப்பக்கம் சின்ன மேஜையில் துணி மூடிய பெரிய கண்ணாடிக் கிண்ணம். மத்தியானம் சபையில் விருந்தாம். ஈ வரக் கூடாதென்று துணியை அடிக்கடி விலக்கிப் பார்த்து, ஈ வர வழி செய்துகொண்டிருந்தார்.

"தேர்வுன்னு சொன்னாங்களே, நீங்கதானா?" என்றார். "ஆரம்பிங்க கண்ணுங்களா. என் படகு எங்க இருக்குன்னு நல்லா பாத்துக்கோங்க. எனக்கும் உங்கள நல்லா தெரியுது."

ரேலின் முதலில் எறிந்தாள். பிராண்ட்லி படகுக்கு மரியாதை கொடுத்து மேலே உட்காரும் ரீலையே கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு அதுவும் வரும். இரை மூன்று தத்து தத்தி இருட்டுக்குள் போனது. நரம்பு ஓரமாய் நகர்ந்தது. இழுத்தாள். கை நீளத்துக்கு ஒரு பாஸ் வந்தது. பிராண்ட்லி தலையை ஒருமுறை அசைத்தான். அவனிடமிருந்து அது கைதட்டலுக்குச் சமம்.

அடுத்து நான். கிட்டார் பெட்டியைத் திறந்தேன்.

பிராண்ட்லி உள்ளே பார்த்தான். பிறகு மிகவும் மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"எமெட். அது என் படகுல இருக்கு."

"ஆமாண்டா."

"காலையிலேருந்து இருக்கு."

"ஆமா."

"உன்னோட அந்த நீளக் கோலு இந்தா பக்கத்துல கெடக்கு. அதால எறி. இதால எறிஞ்சேன்னா நீ எறிஞ்சதா நான் எடுத்துக்க மாட்டேன்."

நீளக் கோலைப் பார்த்தேன். அதால் எறிந்தால் மரியாதையோடு சீட்டை இழப்பேன். சபைப் பலகையும், அதற்குப் பக்கத்தில் உயர்ந்திருந்த அப்பாவின் கட்டைவிரலும் நினைவுக்கு வந்தன. இரண்டு துண்டுகளை ஒன்றாகப் பொருத்தி, ரப்பர் புழுவைக் கட்டினேன்.

முதல் வீச்சு மிதவைப் படகில் 'டொக்' என்று பட்டது. அந்தச் சத்தம் அடங்குமுன்பே குழாய்த் தண்ணீர் என் காதுக்குள் போயிற்று. குறி பிசகாதவர். மற்ற இருவர் மேலும் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றேன்.

"பரவாயில்ல கண்ணு. அடுத்தது போடு."

தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டாவதைச் சுண்டினேன். தாழப் போய்த் தண்ணீரைத் தொட்டது. தத்தி, மிதவைப் படகுக்கும் தூணுக்கும் நடுவே நுழைந்து, மறுபடி தத்தி, கடைசி மூலையில் சத்தமில்லாமல் அமிழ்ந்தது. நரம்பு தளர்ந்தது. பிறகு யாரோ கதவைச் சாத்தின மாதிரி ஒரு வெட்டு. இழுத்தேன். மறுமுனையில் இருந்தது மீன் மாதிரி இல்லை, துறையே கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது. அது தூணைப் பார்த்து ஓடியது. கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பக்கவாட்டில் இழுத்தேன். ரீல் முனகியது. பின்னல் நரம்பு தூணில் உரசி நறநறத்தது, அறுந்துபோகவில்லை. படகைப் பின்னால் எடுக்கச் சொல்லிப் பிராண்ட்லியிடம் கத்தினேன். நான் எறிந்ததாக அவன் எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும் கால் தானாக மோட்டாரை மிதித்துவிட்டது.

ரேலின் வலைக்கூடையை நீட்டினாள். மீனின் தலைமேல் ஒரு போடு போட்டாள். மீன் மறுபடி பாய்ந்தது. அவள் கையிலிருந்து கூடையைப் பிடுங்கி, ஒரு கையில் கோலோடு, மீனுக்கு அடியில் தாழ விட்டுத் தூக்கினேன். இரண்டு வருடப் பின் சீட்டு வீண் போகவில்லை. உள்ளே விழுந்த பாஸ் ரேலினின் மீனைவிட இரண்டு மடங்கு இருந்தது. வாயைத் திறந்து என்னைப் பார்த்தது. அதற்கும் அவமானமாக இருந்திருக்கலாம், பாப்பா ரீலில் மாட்டியது.

மிஸ் வெர்னெல் குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

பிராண்ட்லி தீர்ப்புச் சொன்னான். ஒரு மீன், ஒரே ஒரு மீன் கணக்கில் வந்திருக்கிறது, அது ரேலினுடையது. மீன் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இறுதிப் போட்டிக்குக் கேமராக்காரர்கள் வருவார்கள். தன் படகின் பின்னால் அந்த ரீலோடு ஒருவன் நிற்பதை உலகம் பார்ப்பதற்குத் தன்னால் இடம் கொடுக்க முடியாது. இப்படி நிறையச் சொன்னான். ரேலின் என் மீனைக் கூடையிலிருந்து எடுத்து மெதுவாகத் தண்ணீரில் விட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி பிராண்ட்லி," என்றாள். "அந்த முறைய நீ ஒரு தடவ காட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இரண்டு வருடமாக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவன் துறைகளின் ஓரத்தில் எறிவான், மூலையில் எறிவான், முன்னால் எறிவான். அடியில் எறிந்து பார்த்ததே இல்லை. முன்னால் நிற்பவரை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஏரி வழக்கம் அப்படி.

"ஆமா கண்ணு," என்றார் மிஸ் வெர்னெல். "படகு இவ்ளோ மினுக்குது. நீ எறியறது எப்படி இருக்குன்னு நானும் பாக்கறேன்."

பிராண்ட்லி கோலை எடுத்தான். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தான். காலை அகட்டி நின்றான். நிற்கும் அழகில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீசினான்.

இரை தண்ணீரைத் தொட்டது. ஒரு முறைதான் தத்தியது, ஆனால் தத்த வேண்டிய திசை முன்பக்கம். அது மேல்பக்கம் தத்தியது. பலகையைத் தாண்டி, மிதவைப் படகின் கூரைத் துணியைத் தாண்டி, அழகாக ஒரு வளைவு போட்டு, மிஸ் வெர்னெலின் கண்ணாடிக் கிண்ணத்துக்குள், அவர் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பொத்தென்று விழுந்தது. இங்கே ரீலில் நரம்பு பொங்கியது. நான் கட்டிய எந்தக் குருவிக்கூடும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அதில் கொக்கு குடித்தனம் நடத்தலாம்.

அவன் அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் தூண்டில்காரனின் கை. தப்பாக விழுந்தால் சட்டென்று திரும்ப இழுக்கும். இழுத்தான். கிண்ணத்திலிருந்து இரை கிளம்பி, வெள்ளையாக எதையோ சுமந்துகொண்டு, தண்ணீர்மேல் சளப் சளப்பென்று தத்திக்கொண்டே வந்தது. அன்று காலையில் நாங்கள் பார்த்ததிலேயே அற்புதமான தத்தல் அதுதான். படகின் விளிம்பில் மோதி அவன் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து பார்த்தான். ஈயத் தலையில் கஸ்டர்டு அப்பியிருந்தது. கொக்கியில், வட்டமாக வெட்டிய ஒரு துண்டு.

"வாழைப்பழப் புட்டிங்," என்றார் மிஸ் வெர்னெல் துறையிலிருந்து. "எங்கம்மா செய்யற பக்குவம். நல்லா இருக்கா?"

பிராண்ட்லி அந்தத் துண்டைத் தொடவில்லை. தள்ளிவிடவும் இல்லை. ஜிகினாப் படகின் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. அவன் முகத்தில் இருந்தது வருத்தம் என்று சொன்னால் போதாது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்க்கிறவன் முகம் அது. மிஸ் வெர்னெல் குழாயை எடுத்து, கிண்ணத்துக்கு ஒரு தடவையும் அம்மாவுக்கு ஒரு தடவையுமாக அவனை நனைத்தார். அவன் அசையவில்லை.

கடைசியில் ரேலின்தான் குனிந்து கொக்கியிலிருந்து துண்டை எடுத்தாள். தூர எறிவாள் என்று நினைத்தேன். வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏலக்காய்... இல்ல, வெனிலா," என்றாள். "நல்லா இருக்கும்மா."

கரைக்குத் திரும்பினோம். படகை வண்டியில் ஏற்றியதும் பிராண்ட்லி கொஞ்சம் தெளிந்தான். படகைப் பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று முறை கழுவப் போவதாகச் சொன்னான். பிறகு, தொண்டையைச் செருமி, எனக்கு ஒரு வாய்ப்புத் தருவதாகவும் சொன்னான். நான் மேலே உட்காரும் ரீலுக்கு மாறிக்கொண்டால் சீட்டு எனக்கே. ரேலின் எங்கே போவாள் என்றேன். வாழைப்பழம் தின்றவள் இந்தப் படகில் ஏற முடியாது என்றான். அதில் அவன் உறுதியாக இருந்தான்.

சீட்டு கிடைத்துவிட்டது. பலகை பொய்யாகவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த நீளக் கோலோடு போட்டிக்குப் போனால் அங்கே என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். கேமராக்காரர்களுக்கு முன்னால் ஸ்வெட்டர் பின்னுவேன்.

ரேலின் தன் பழைய டிரக்கின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அவளிடம் போனேன்.

"உன் படகுல பின் சீட்டு இருக்கா?"

"சீட்டே கிடையாது. ஒரு பலகை இருக்கு. அதுல ரெண்டு பேரும் உக்காரணும்." என் கையிலிருந்த கோலைப் பார்த்தாள். "மீன உயிரோட வைக்கற தொட்டியும் கிடையாது. ஐஸ் பெட்டியில காத்து மோட்டார் வச்சிருக்கேன். எஞ்சின் அதுக்குத் தோணுனா ஓடும்."

"வலைக்கூடை?"

"அது இருக்கு. ஆனா எனக்குப் பிடிக்கத் தெரியல, பாத்தேல்ல. மீன் தலையிலயே போட்டேன்."

"நான் பாத்துக்கறேன்," என்றேன்.

பிராண்ட்லியிடம் போய் நன்றி சொல்லி, முடியாது என்றேன். அவன் அதை ஆண்மையோடு ஏற்றுக்கொண்டான், அதாவது பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அன்றிரவு அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் படகு மாறிவிட்டது என்றேன். இறுதிப் போட்டிதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் பலகையில் எழுத்தை மாற்ற வேண்டியதில்லை என்று நிம்மதியானார்.

இறுதிப் போட்டி அன்று விடியற்காலையில் படகு இறக்கும் சரிவில் பதினேழு கல்லூரிகளின் ஜிகினாப் படகுகள் வரிசையாக நின்றன. நடுவில் எங்கள் அலுமினியத் தகரம். பரிசோதகர் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய சாசேஜ் பிஸ்கட்டை, அதாவது நடுவில் இறைச்சி வைத்த பன்னை, நானும் ரேலினும் அந்த ஒற்றைப் பலகையில் உட்கார்ந்து தின்றோம். சாண்ட்விச் பொறுப்பை இப்போது பாதியாகப் பிரித்திருந்தோம்.

அப்போது பிராண்ட்லி வந்தான். பின் சீட்டுக்குக் கணக்கியல் படிக்கும் ஒரு பையனை ஏற்பாடு செய்திருந்தான். அந்தப் பையன் உயிர்காப்பு அங்கியை முன்பின் மாற்றிப் போட்டிருந்தான். பிராண்ட்லி எங்களைப் பார்க்காத மாதிரி கடந்து போனான். தோளில் ஒரு கிட்டார் பெட்டி தொங்கியது.

ரேலின் மெல்லுவதை நிறுத்தினாள்.

"பிராண்ட்லி," என்று கூப்பிட்டேன். அவன் நின்றான், திரும்பவில்லை. "தாழ வீசு. மணிக்கட்டை மட்டும் சுண்டு. துறைக்கு முன்னால நாலடியில தண்ணியத் தொடணும்."

பிறகு தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் படகில் ஏறினான். பாப்டிஸ்ட் மாணவர் கூட்டத்துப் பெண் ஒருத்தி கரையிலிருந்து எட்டிப் பார்த்து, நீயும் வாசிப்பாயா, புதன்கிழமை ஒரு பாட்டு முடியுமா என்று அவனிடம் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

"இன்னும் மனசு பக்குவப்படல," என்றான் பிராண்ட்லி.

அன்றைக்கு நாங்கள் நாலாவது வந்தோம். மத்தியானம் எஞ்சினுக்குத் தோன்றாமல் போகாதிருந்தால் மூன்றாவது வந்திருப்போம். பிராண்ட்லி ஆறாவது. அவன் பெரிய மீன் எதில் மாட்டியது என்று கேமராக்காரர் கேட்டபோது அதைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்றான்.